பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்



இது நீளமான பதிவு. வீட்டில் முட்டு வருத்தம் உள்ள பிள்ளை இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். பலசரக்குக் கடை வைத்திருப்பவர்கள், சமையல் ஓடர் எடுப்பவர்கள், பாடசாலையில் கென்டீன் நடத்துபவர்கள் கட்டாயம் வாசியுங்கள். கோபம் வந்தால் கொமெண்டில் எழுதுங்கள். பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

நாங்கள் என்று சொல்வது வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களை. இன்டர்வெல் முடிந்து மணி அடித்து, அடுத்த பாடம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் ஒரு பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தால் முதலில் காண்பது நாங்கள்தான். உம்மா வந்து சேர அரை மணித்தியாலம் ஆகும். அந்த அரை மணித்தியாலம் எங்கள் கையில்.

அந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் சொல்லும் வசனங்கள் எங்களுக்கு மனப்பாடம். "ஐஸ் குடிச்சிருப்பான்." "வெயில்ல ஓடியிருப்பான்." "ராவு தலைக்குத் தண்ணி ஊத்தியிருப்பாங்க." "உம்மாக்குக் கவனமில்ல." கண்ணூறு என்று முடிப்பவர்களும் உண்டு. தூசு, ஓட்டம், குளிர்காற்று, தடிமன் எல்லாம் இழுப்பைக் கிளப்பும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இன்டர்வெல்லில் என்ன சாப்பிட்டது, அதில் என்ன கலந்திருந்தது என்று கேட்பவர் இல்லை. கேட்டாலும் பதில் சொல்லக்கூடியவர் இல்லை. எங்கள் சண்டை இந்த இரண்டாவது விஷயத்தோடுதான்.

விஷயத்துக்கு வருவோம். சல்பைற்று.

உணவு பழுதாகாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்க்கும் நற்காப்புப் பொருள்களில் ஒரு குடும்பம் இது. பாக்கெட்டில் 220 முதல் 228 வரையான இலக்கங்களில் வரும். 220 என்றால் கந்தகவீரொட்சைட்டு, அதாவது சல்பர் டயொக்சைட். 223 சோடியம் மெற்றாபைசல்பைற்று. 224 பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று. நிலக்கரி எரித்தால் வரும் வாயு, அமில மழைக்குக் காரணமான வாயு என்று விஞ்ஞான பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதே வாயுதான் 220. நுரைச்சோலைப் புகையைப் பற்றிப் புத்தளத்தில் பேசாத வீடு இல்லை. அதே வாயு சொப்பிங் பேக்குக்குள் வீட்டுக்குள் வருவதைப் பற்றிப் பேசுகிற வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இது ஒன்றும் செய்யாது. நமது உடம்பிலேயே சல்பைற்றைச் சல்பேற்றாக மாற்றி வெளியேற்றும் நொதியம் இருக்கிறது. பிரச்சினை சிலருக்குத்தான். அந்தச் சிலரில் அதிகம் பேர் ஆஸ்துமா உள்ளவர்கள். ஆஸ்துமா உள்ள 100 பேரில் 3 முதல் 10 பேர் வரை சல்பைற்றுக்கு எதிர்விளைவு காட்டுவதாக மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு பெரிய பாடசாலையில் முட்டு உள்ள பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். அதில் 3 பேர், 5 பேர் என்றால் அது யாரோ தூரத்துப் பிள்ளை இல்லை.

எப்படி நடக்கிறது? சல்பைற்று உள்ள உணவோ பானமோ வயிற்று அமிலத்தில் பட்டதும் அந்த வாயு வெளிப்படுகிறது. விழுங்கும்போதும் ஏப்பத்திலும் அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது. ஏற்கெனவே சுருங்கத் தயாராக இருக்கும் குழாய் சுருங்கிவிடுகிறது. நிமிஷக் கணக்கில் நடக்கும், அல்லது அரை மணித்தியாலத்துக்குள். நெஞ்சு இறுக்கம், இருமல், மூச்சு விசில் அடிப்பது, பேச முடியாமல் போவது. சிலருக்குத் தோல் தடிப்பு, முகம் சிவத்தல், வயிற்று வலி. மிக அரிதாக முகமும் தொண்டையும் வீங்கி, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கு ஆபத்தான நிலைக்கும் போகலாம்.

பெரும்பாலானோருக்கு இது நிலக்கடலை அலர்ஜி போன்ற அலர்ஜி இல்லை. அதனால் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் அநேகமாக ஒன்றும் தெரியாது. "டெஸ்ட் நோர்மல், அப்ப புள்ள நடிக்குது" என்று முடிவெடுக்கும் பெரியவர்கள் இதைக் கவனியுங்கள். பரிசோதனையில் தெரியாததும் பிள்ளைக்கு இல்லாததும் ஒன்றல்ல.

இப்போது நமக்கு நாமே கேட்க வேண்டிய கேள்வி. பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிக்கப் பழகிய சமூகம் இந்த நாட்டில் ஒன்று இருக்கிறது என்றால் அது நாம்தான். 120 என்றால் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம் என்று நமது உம்மாமாருக்குத் தெரியும். 471 என்றால் கொழுப்பு எதிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும் என்று பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஜெலட்டின் என்று கண்டால் கையை எடுத்துவிடுவோம். வட்ஸ்அப்பில் இலக்கப் பட்டியல் வராத குடும்பக் குரூப் கிடையாது. இவ்வளவு கூர்மையான கண், 220க்கு வந்ததும் தாண்டிப் போய்விடுகிறது. ஹலால் என்று சொல்லும்போது கூடவே தய்யிப் என்றும் சொல்கிறோம். நல்லது, சுத்தமானது, உடம்புக்குத் தீங்கில்லாதது. முட்டு உள்ள ஒரு பிள்ளைக்கு 223 கலந்த கோர்டியல் தய்யிபா என்ற கேள்வியை மிம்பரில் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

இதற்கு ஒரு காரணமும் உண்டு. சல்பைற்று பற்றிய வெளிநாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் வைனில்தான் தொடங்கும். "நாங்க குடிக்கிறதில்லையே" என்று நமது ஆட்கள் அதோடு மூடி வைத்துவிடுவார்கள். சரி, வைனை விடுங்கள். நமது வீட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

மஞ்சள் பிளம்ஸ். பிரியாணியிலும் நெய்ச்சோற்றிலும் கஜுவோடு போடும் உலர்ந்த முந்திரிகைதான். அது பொன் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சல்பர் டயொக்சைட். வெயிலில் காய்ந்த கறுப்பு பிளம்ஸில் வழமையாக அது போடுவதில்லை. அப்ரிகொட்டும் அப்படித்தான். செம்மஞ்சளாக மினுங்கினால் மருந்து போட்டது, மண் நிறத்தில் சுருங்கியிருந்தால் போடாதது. நோன்பு காலத்துப் பேரீச்சம்பழத்தில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஆனால் அதோடு பரிசுப் பொதியில் வரும் கலவை உலர்பழங்களில் இருக்கும்.

கரைத்துக் குடிக்கும் பழக் கோர்டியல். போத்தலில் வரும் தேசிக்காய்ச் சாறு. அச்சாறு வகைகள். ஜேம். சில பிஸ்கட், மா இளகுவதற்காக. உறைய வைத்த உருளைக்கிழங்கு. சில சொசேஜ்.

இறால். நமது மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிடித்த இறாலின் தலையும் ஓடும் கறுக்காமல் இருக்க மெற்றாபைசல்பைற்றுக் கரைசலில் தோய்ப்பது உலகம் முழுக்க இறால் தொழிலில் உள்ள வழக்கம். "இவனுக்கு இறால் ஒத்துக்காது" என்று சொல்லும் வீடுகளில் சிலவற்றுக்கு உண்மையாகவே இறால் புரதம் ஒத்துக்கொள்ளாது. சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாதது இறாலா, தோய்த்த தண்ணீரா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

கறுவா. நிறம் எடுக்கவும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும் கந்தகப் புகை போடுவார்கள். 2000களின் நடுப்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியம் நமது கறுவாவில் உள்ள சல்பர் டயொக்சைட்டைப் பற்றிக் கேள்வி எழுப்பியதும் நாடே பதறியது. பிறகு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமத்தில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று எல்லை வந்தது. வெளிநாட்டுக்காரன் குடிக்கும் தேநீருக்கு அளவு பார்க்க ஆய்வுகூடம் இருக்கிறது. நமது பிள்ளை குடிக்கும் பிளேன்டீக்கு?

இனி எங்கள் கையால் போன பிள்ளைகளில் ஒருவரின் கதை. பெயரும் ஊரும் வேண்டாம். ஒன்பது வயது. மாதத்தில் இரண்டு நாளாவது இழுப்பு. சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு அந்த உம்மா வாழைப்பழத்தை நிறுத்தினார், தயிரை நிறுத்தினார், தோடம்பழம், இறால், ஐஸ் எல்லாவற்றையும் நிறுத்தினார். பிள்ளை மெலிந்ததுதான் மிச்சம், இழுப்பு நிற்கவில்லை. கடைசியில் ஒரு டொக்டர் சொன்னார், "ஒரு கொப்பி வாங்குங்க. இழுப்பு வந்தா, அதுக்கு முந்தின ரெண்டு மணித்தியாலத்துல என்ன சாப்பிட்டார், என்ன குடிச்சார், எங்க இருந்தார் எண்டு எழுதுங்க." வீட்டில் உம்மா எழுதினார், பாடசாலையில் நாங்கள் எழுதினோம். இரண்டு மூன்று மாதத்தில் கொப்பியில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. கலியாண வீட்டு நெய்ச்சோறு. பிறந்தநாள் கேக். விளையாட்டுப் போட்டியில் கொடுத்த கோர்டியல். சோற்றிலும் கேக்கிலும் மஞ்சள் பிளம்ஸ். டொக்டர் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி, அங்கே கண்காணிப்பில் வைத்துப் பரிசோதித்து, சல்பைற்று என்று உறுதி செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அந்த உம்மா வழமையாக வாங்கும் கடைக்குப் போய்க் கேட்டார். பிளம்ஸ் சொப்பிங் பேக்கில் நிறுத்துக் கட்டியது. அதில் விலையைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. முதலாளி நல்ல மனிதர். ஸ்டோருக்குள் போய் மொத்தப் பெட்டியைக் கொண்டு வந்தார். பெட்டியின் பக்கத்தில் ஆங்கிலத்தில் தெளிவாக அச்சடித்திருந்தது: சல்பர் டயொக்சைட் அடங்கியுள்ளது. "இத்தின வருஷமா விக்கிறன், இத நான் வாசிச்சதே இல்ல" என்றார்.

கவனியுங்கள். செய்தி இருந்தது. காய வைத்த நாட்டில் எழுதினார்கள், கப்பலில் வந்தது, கொழும்புக்கு வந்தது, நமது ஊர்க் கடை ஸ்டோர் வரைக்கும் வந்தது. கடைசிப் பத்தடியில், பெட்டியிலிருந்து சாடிக்கு மாற்றும்போது, அந்த எழுத்து குப்பைக்குப் போய்விட்டது. சமையல்காரர் சாடியிலிருந்து வாங்குகிறார். அவருக்குத் தெரியாது. அவர் சமைத்த சஹனில் கை வைக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வாதம் இவ்வளவுதான். தடை செய்யச் சொல்லவில்லை. பெட்டியில் வந்த எழுத்து பிள்ளையின் கைக்கும் வர வேண்டும். வராததற்குப் பிள்ளையையும் தாயையும் குற்றவாளி ஆக்கக் கூடாது.

இதற்கு வரும் பதில்களும் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எங்க வாப்பா காலத்துல இருந்து சாப்பிடுறோம், ஒண்டும் ஆகல." உண்மைதான், உங்களுக்கு ஆகாது. பாதையைக் கடந்த நூறு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக மஞ்சள் கோடு தேவையில்லை என்று சொல்வோமா? பாதிக்கப்படும் சிலருக்காகத்தான் எழுத வேண்டும் என்கிறோம்.

"அரசாங்கம் அனுமதிச்ச பொருள்தானே." அனுமதித்தது ஓர் அளவுக்கு. அந்த அளவைக் கணக்கு ஆசிரியர்களாகக் கொஞ்சம் பார்ப்போம். உணவுச் சேர்மானங்களை மதிப்பிடும் சர்வதேச நிபுணர் குழு வைத்த எல்லை, ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.7 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 14 மில்லிகிராம். கோடெக்ஸ் நியமத்தில் உலர்பழத்துக்குப் பொதுவான மேல் எல்லை கிலோவுக்கு 1,000 மில்லிகிராம், அப்ரிகொட்டுக்கு 2,000. அந்த எல்லை முழுவதும் பயன்பட்டிருந்தால் 14 கிராம் உலர்பழத்தில், அதாவது ஒரு சின்னக் கைப்பிடியில், அந்தப் பிள்ளையின் ஒரு நாள் கணக்கு முடிந்தது. அப்ரிகொட் என்றால் 7 கிராம், ஏறக்குறைய ஒரு பழம். இது ஆரோக்கியமான பிள்ளைக்கான கணக்கு. 2022இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, இருக்கும் தரவு போதாது என்று அந்த 0.7 கணக்கையே விலக்கிக்கொண்டு, அதிகம் உட்கொள்பவர்களைப் பற்றிக் கவலை தெரிவித்தது. சல்பைற்றுக்கு எதிர்விளைவு உள்ள பிள்ளைக்கு இந்த எல்லையே பொருந்தாது. அவருக்கு அதைவிடக் குறைவான அளவே போதும்.

"பாக்கெட்டுல எழுதித்தானே இருக்கு." எதை? "அனுமதிக்கப்பட்ட நற்காப்புப் பொருள் அடங்கியுள்ளது" என்று. அனுமதிக்கப்பட்டது எது? 211 சோடியம் பென்சோவேற்றா, 202 பொற்றாசியம் சோர்பேற்றா, 223ஆ? இலக்கம் போடுகிற கம்பனிகளும் இருக்கின்றன, அவர்களுக்கு நன்றி. இலக்கம் போடாமல் இந்த ஒரு வசனத்தோடு நிறுத்துபவர்களிடம் கேட்கிறோம்: "ஒரு வாகனம் வருகிறது" என்று மட்டும் எழுதிய பஸ் பலகையைப் பார்த்து எந்த பஸ்ஸில் ஏறுவது? அந்த வசனம் கம்பனியைக் காப்பாற்றுகிறது. பிள்ளையைக் காப்பாற்றவில்லை.

"இதெல்லாம் நம்ம நாட்டுல சரிவராது டீச்சர்." ஏன் சரிவராது? 2016இல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் போட வைத்தது இந்த நாடுதான். இன்று முதலாம் ஆண்டுப் பிள்ளையும் சிவப்பைக் கண்டு சொல்கிறது. ஐரோப்பாவில் கட்டாயம் எழுத வேண்டிய 14 அலர்ஜிப் பொருள்களில் சல்பைற்றும் ஒன்று, கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் எழுதியே ஆக வேண்டும். கோடெக்ஸ் நியமமும் அதே 10ஐத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் சலாட் பசுமையாகத் தெரிய இதைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்துமா நோயாளர்கள் பாதிக்கப்பட்டு, மரணங்களும் பதிவான பிறகு, 1986இல் பச்சையாக உண்ணும் மரக்கறிக்கும் பழத்துக்கும் தடை வந்தது. அங்கே மரணங்களுக்குப் பிறகு படித்த பாடத்தை நாம் முன்கூட்டியே படித்துக்கொள்ளலாம்.

"வியாபாரம் கெட்டுடும்." பெட்டியில் உள்ள லேபலை வெட்டிச் சாடியில் ஒட்டுவதற்கு ஒரு ரூபா செலவில்லை. லேபல் வெட்டுவதால் கெடும் வியாபாரம் எது என்று சொல்லுங்கள், அதையும் பேசுவோம்.

மற்றப் பக்கத்திலும் ஒரு கூட்டம் உண்டு, அவர்களோடும் எங்களுக்குச் சண்டை. "கெமிக்கல் எல்லாம் விஷம், எல்லாத்தையும் நிப்பாட்டுங்க" என்று வொய்ஸ் கட் அனுப்புபவர்கள். நற்காப்புப் பொருள் இல்லாமல் பூஞ்சணம் பிடித்த உணவும் ஆபத்துத்தான். வெங்காயத்திலும் வெள்ளைப்பூண்டிலும் கந்தகம் இருக்கிறது என்று அதையும் நிறுத்தச் சொல்வது அறியாமை. 'சல்பா' மருந்துக்கு அலர்ஜி உள்ளவருக்குச் சல்பைற்றும் ஆகாது என்பதும் பிழை, இரண்டும் வெவ்வேறு. முட்டு உள்ள பிள்ளைக்கு எல்லாம் சல்பைற்றுப் பிரச்சினை என்று முடிவு கட்டுவதும் பிழை. இப்படிப்பட்ட குரல் பதிவுகளைக் கேட்டுத்தான் மேலே சொன்ன உம்மா வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்திப் பிள்ளையை மெலிய வைத்தார். பயம் காட்டுவது வேறு, தகவல் கொடுப்பது வேறு.

"இன்ஹேலர் பாவிச்சா பழகிடும்" என்று சொல்பவர்களையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். பொம்பிளைப் பிள்ளை என்றால் "நாளைக்குக் கலியாணம் பேசக்குள்ள தெரிஞ்சிடும்" என்று பம்ப்பை ஒளித்து வைக்கும் வீடுகளை எங்களுக்குத் தெரியும். மூச்சு நின்ற பிறகு பேச ஒரு கலியாணமும் இருக்காது.

சரி, என்ன செய்வது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்கிறோம்.

பெற்றோருக்கு:

1. சந்தேகம் இருந்தால் கொப்பி எழுதுங்கள். நாள், நேரம், சாப்பிட்டது, குடித்தது, எவ்வளவு நேரத்தில் இழுப்பு வந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அந்தக் கொப்பியோடு டொக்டரிடம் போங்கள்.

2. "கொஞ்சம் குடுத்துப் பாப்போம்" என்று வீட்டில் பரிசோதிக்க வேண்டாம். மருந்தும் ஒட்சிசனும் உள்ள இடத்தில், வைத்தியர் முன்னிலையில் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

3. உறுதியானால் 220 முதல் 228 வரை மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். 225 மட்டும் சில பட்டியல்களில் இருக்காது, குழம்ப வேண்டாம். லேபல் இல்லாத உலர்பழம், லேபல் இல்லாத கோர்டியல் வேண்டாம். கழுவினாலும் சமைத்தாலும் முழுவதும் போகாது.

4. வைத்தியர் சொல்லாமல் மற்ற உணவுகளை நிறுத்தாதீர்கள். தினமும் பாவிக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரையும் நிறுத்தாதீர்கள். முட்டு கட்டுப்பாட்டில் இல்லாத பிள்ளைக்குத்தான் எந்த எதிர்விளைவும் மோசமாகப் போகும்.

5. எங்காவது அவசரத்தில் அட்ரினலின் ஊசி போட வேண்டும் என்றால் மறுக்க வேண்டாம். சில அட்ரினலின் மருந்துகளில் சிறிதளவு சல்பைற்று இருக்கிறது. ஆனாலும் உயிர் போகும் நேரத்தில் அதைப் போட வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டல்.

ஆசிரியர்களுக்கும் அதிபர்மாருக்கும்:

வகுப்பில் முட்டு உள்ள பிள்ளைகள் யார் என்ற பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும். இன்ஹேலர் பிள்ளையின் பையில் இருக்க வேண்டும். அலுவலக அலுமாரியில் பூட்டி, சாவி லீவில் போன ஒருவரிடம் இருந்தால் அது மருந்தே இல்லை. இழுப்பு வந்தால் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். டொக்டர் எழுதித் தந்தபடி நீல பம்ப்பைக் கொடுங்கள். ஒரு வசனம் முழுவதும் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், பம்ப்புக்குக் கேட்காவிட்டால், உம்மா வரும் வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். சிறுவர் தினம், விளையாட்டுப் போட்டி, வகுப்பு விருந்து என்றால் என்ன கொடுக்கப் போகிறோம் என்பதை இரண்டு நாளுக்கு முன்னரே பெற்றோர் குரூப்பில் போடுங்கள். கோர்டியலுக்குப் பதில் வீட்டில் பிழிந்த தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தால் செலவும் குறைவு.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு:

சிற்றுண்டிச்சாலைகளுக்குக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் இருக்கிறது. கென்டீனைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையைக் கூட்டுங்கள்: விற்கும் ஒவ்வொரு பொருளின் லேபலும் பிள்ளைகளும் பெற்றோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். கூடிய கேள்விக்கோரலுக்குக் கொடுப்பதை மட்டும் யோசித்தால் போதாது.

கடை முதலாளிமாருக்கு:

மொத்தப் பெட்டியை எறிவதற்கு முன் லேபலை வெட்டிச் சாடியில் ஒட்டுங்கள். நிறுத்துக் கட்டும் பேக்கில் மார்க்கர் பேனையால் "220 உண்டு" என்று ஒரு வரி எழுதுங்கள். கறுப்பு பிளம்ஸையும் மஞ்சள் பிளம்ஸையும் ஒரே சாடியில் கலக்காதீர்கள்.

சமையல்காரர்களுக்கும் வலீமா, கந்தூரி வீட்டாருக்கும்:

பிளம்ஸைச் சோற்றில் கலக்காமல் தனியாக வைத்தால் ருசி குறையாது. விரும்பியவர் போட்டுக்கொள்வார். ஒரு பிள்ளையின் உம்மா வந்து "இதுல என்ன போட்டீங்க" என்று கேட்டால் அதை அவமரியாதையாக எடுக்காதீர்கள். அவர் உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லவில்லை, தன் பிள்ளையின் மூச்சை விசாரிக்கிறார்.

அதிகாரிகளுக்கு:

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் காலாவதித் திகதியையும் எலி எச்சத்தையும் பார்ப்பது போல, நிறுத்துக் கட்டி விற்கும் உணவில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். பொதுமக்களே, சந்தேகம் இருந்தால் பில்லையும் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். பேஸ்புக்கில் படம் போட்டுக் கடைக்காரரைக் கேவலப்படுத்துவதைவிட அது பலன் தரும். மேலே சொன்ன முதலாளியைப் போல அநேகமானோர் தெரியாமல்தான் விற்கிறார்கள். தெரிந்துகொண்டே பெரிய பெட்டியை உடைத்துச் சின்ன பாக்கெட்டில் அடைத்து, உள்ளே இருப்பதை எழுதாமல் சந்தைக்கு அனுப்புகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ரமழான் வந்தால் உலர்பழமும் கோர்டியலும் மலிந்துவிடும். அதற்குள் நமது ஊரில் பத்துக் கடைச் சாடிகளிலாவது லேபல் ஏற வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்குச் சட்டமோ சங்கமோ தேவையில்லை, வாங்குகிறவர்கள் வாய் திறந்தால் போதும். நாளைக்குக் கடைக்குப் போனால், சண்டை பிடிக்காமல், மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நானா, இது வந்த பெட்டி இருக்கா? ஒருக்காப் பாக்கலாமா?"